கிராமத்து அங்கன்வாடியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு

அங்கன்வாடியில் பேர் எழுதுவது பத்து நிமிட வேலை. கட்டணம் கிடையாது, நேர்காணல் கிடையாது, யார் சிபாரிசும் வேண்டாம். ஆனால் பேர் எழுதியாகிவிட்டது, இனி பிள்ளை படிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன ஊர்களில் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைகள் ஒரு கணக்கு, காலை பத்தரை மணிக்குப் பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இன்னொரு கணக்கு. பதிவேட்டில் இருபத்தைந்து பேர் இருந்து, பாயில் ஏழு பேர் இருந்தால் அந்த மையத்தில் ஏதோ சரியில்லை. அது டீச்சரின் குறையாகவும் இருக்கலாம், ஊரின் குறையாகவும் இருக்கலாம்.

மாற்றலாகி வந்தவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், திருப்பூர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியவர்கள், செங்கல் சூளையில் சில மாதம் தங்கி வேலை பார்க்க வந்தவர்கள் என எல்லோருக்குமாக, தமிழ்நாட்டுக் கிராமங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

உங்கள் மையம் எது?

ரேஷன் கடையில் நிற்கிற யாரிடமாவது "பால்வாடி எங்கே?" என்று கேளுங்கள், வழி சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் தொடக்கப் பள்ளிக்குப் பக்கத்திலோ, ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலோ, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ இருக்கும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. அவற்றில் சில ஆயிரம் குறு மையங்கள். இந்த வித்தியாசத்தை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முதன்மை மையம் என்றால் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர், ஆக இரண்டு பேர் (ஊரில் டீச்சர், ஆயா என்பார்கள்). குறு மையத்தில் ஒரே ஒருவர்தான். பாட்டுச் சொல்லிக் கொடுப்பவரும் அவரே, அடுப்பில் சோறு வைப்பவரும் அவரே. 400 முதல் 800 பேர் வரை வசிக்கும் இடத்துக்கு ஒரு முதன்மை மையம், 150 முதல் 400 பேர் வரை உள்ள சிற்றூருக்கு ஒரு குறு மையம் என்பது பொதுவான அளவுகோல். மலைப்பகுதிகளுக்கு இதில் தளர்வு உண்டு.

நீங்கள் குடிவந்த இடம் ஊரைவிட்டுத் தள்ளி இருந்து, அங்கே மையமே இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் 40 பேராவது இருக்கிற குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. கேட்டவுடன் வந்துவிடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் பிள்ளைகளின் பேர், வயதோடு எழுதிய மனு ஒன்று கையில் இருந்தால், "பார்க்கலாம்" என்ற பதிலோடு அனுப்பிவிட முடியாது.

இன்னொரு வகையும் உண்டு. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கினார்கள். 2022-இல் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பி, பிறகு தற்காலிக ஆசிரியர்களைப் போட்டுத் தொடர்ந்தார்கள். உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அப்படி ஒரு வகுப்பு இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நர்சரிக்கு வேனில் அனுப்பலாமா என்று யோசிக்கிற பல பேருக்கு, பக்கத்திலேயே எல்கேஜி இருப்பது தெரிவதில்லை.

எந்த வயதில் போகலாம்?

பிள்ளை பிறப்பதற்கு முன்பே இந்த மையத்தோடு தொடர்பு தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சத்துமாவு இங்கிருந்துதான் கிடைக்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் சத்துமாவை வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். இரண்டு வயது முடிந்ததும் மையத்தில் கொண்டுபோய் விடலாம், மதியச் சோறு அங்கேயே. ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிற வரைக்கும் இது தொடரும்.

இதை யாரும் தயவு செய்து கொடுக்கவில்லை. 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்று எழுதிவைத்திருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. "நாம போய் ஏழைப் பிள்ளைங்க சோத்தைப் பிடுங்கறதா?" என்று சில பேர் கூச்சப்படுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் வசதியும் விவரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வந்து உட்கார்ந்தால், அந்த மையத்தின் கூரையும் கழிப்பறையும் சீக்கிரம் சரியாகும் என்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம் இருக்கிற தாய் சேய் நல அட்டை, அம்மாவின் ஆதார், அதோடு இணைந்த செல்போன். பிள்ளைக்கு ஆதார் எடுத்திருந்தால் அதுவும். இல்லையென்றால் அம்மாவின் ஆதாரே போதும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பர் இருந்தால் குறித்துக்கொண்டு போங்கள், பழைய விவரங்களைத் தேட உதவும்.

போன் கையில் இருப்பது முக்கியம். இப்போது எல்லாப் பதிவும் 'போஷன் டிராக்கர்' என்ற செயலியில் நடக்கிறது, ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். 2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிற சத்துமாவுக்கு முகப்பதிவும் கேட்கிறார்கள். டவர் கிடைக்காத ஊரில் இது ஒரு பாடு. டீச்சர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடப்பார், நீங்களும் பின்னால் நடக்க வேண்டியிருக்கும். கோபப்பட வேண்டாம், அவர் செய்த ஏற்பாடு இல்லை அது. ஆதாரில் இருக்கிற போன் நம்பர் பழையது என்றால், அங்கன்வாடிக்குப் போவதற்கு முன்பே அதை மாற்றிக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

வேறு ஊரில் ஏற்கெனவே பதிந்திருந்தால் புதிதாகப் பதியச் சொல்லாதீர்கள். "பழைய மையத்திலேர்ந்து இங்க மாத்திக் குடுங்க டீச்சர்" என்று கேளுங்கள். செயலியில் அதற்கு வழி இருக்கிறது. ஒரே பிள்ளையை இரண்டு முறை பதியப் போனால், ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சொல்லி இரண்டு இடத்திலும் சத்துமாவு நின்றுபோகக் கூடும். சில மாதத்துக்கு மட்டும் வந்து தங்குகிறவர்களும் இப்படி மாற்றிக்கொள்ளலாம். "நீங்க வெளியூர், இங்க சேர்க்க முடியாது" என்று யாராவது சொன்னால் அது தவறு.

காகிதம் ஏதாவது குறைகிறது என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு வராதீர்கள். காகிதம் வருகிறபோது வரட்டும், பிள்ளை நாளையிலிருந்தே வந்து உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள்

சேர்ப்பதற்கு முன்பும் பார்க்கலாம், சேர்த்த பிறகும் பார்க்கலாம். ஆனால் பார்க்க வேண்டிய நேரம் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை. மதியம் போனால் எல்லா மையமும் ஒரே மாதிரிதான் தெரியும். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். காரை பெயர்ந்திருக்கிறதா, கம்பி தெரிகிறதா, மழைக்கறை இருக்கிறதா? அப்புறம் அடுப்பு. சமையலறைக்கும் பிள்ளைகள் இருக்கிற அறைக்கும் நடுவில் கதவு இருக்கிறதா, இல்லை கொதிக்கிற குண்டானுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்திருக்கிறதா? வெளியே தரைத்தொட்டிக்கு மூடி இருக்கிறதா? சுற்றுச்சுவர், கதவுத் தாழ்ப்பாள், புதர். கழிப்பறைக்குள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். பூட்டி வைத்திருந்தால், உள்ளே விறகும் பழைய பதிவேடும் அடுக்கியிருந்தால், பிள்ளைகள் வெளியேதான் போகிறார்கள் என்று பொருள். இதையெல்லாம் முகத்தைச் சுளிக்காமல், குறை கண்டுபிடிக்க வந்த அதிகாரி மாதிரி இல்லாமல், சாதாரணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடம் டீச்சர் கையில் இல்லை. கூரையைப் பற்றி அவர் ஏற்கெனவே பலமுறை எழுதிக் கொடுத்திருப்பார்.

அடுத்தது டீச்சர் கையில் இருக்கிற விஷயம். பத்தரை மணிக்குப் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்?

நல்ல மையத்தில் சத்தம் இருக்கும். இரண்டு பேர் எதற்கோ சண்டை போடுவார்கள், ஒருத்தி மூலையில் பொம்மைக்குச் சோறு ஊட்டுவாள், நாலு பேர் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு டீச்சரை இப்படிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாலு வயதுப் பையனைக் கூப்பிட்டு, "இந்த வரிசைல உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும் தட்டு எடுத்துட்டு வா தங்கம்" என்றார். அவன் போய் ஒரு கைப்பிடி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துக்கொண்டே போனான், கடைசிப் பெண்ணுக்குத் தட்டு இல்லை. டீச்சர் வாயே திறக்கவில்லை. அவன் கையைப் பார்த்தான், அந்தப் பெண்ணைப் பார்த்தான், ஓடிப்போய் ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். "எத்தனை பேருக்குக் குடுத்தே?" என்று அதற்கப்புறம்தான் கேட்டார். கணக்குப் பாடம் அவ்வளவுதான். கரும்பலகை கூடத் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதையொட்டிப் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று போகும். "இந்த மாசம் என்ன தலைப்பு டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வந்து, சுவரில் அதற்கேற்ற படமோ பிள்ளைகள் கிறுக்கிய தாளோ இருந்தால் நல்லது நடக்கிறது. சுவரில் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தலைவர்கள் படம் மட்டும் வரிசையாக இருந்தால், அது அதிகாரிகள் பார்ப்பதற்காக ஒட்டியது.

எழுத்து விஷயத்தில் பெற்றோர்களிடம் எனக்கு ஒரு சண்டையே உண்டு. "மூணு வயசாச்சு, இன்னும் அ, ஆ எழுத வைக்கல" என்று டீச்சரைக் குறை சொல்வார்கள். விரல் எலும்பும் தசையும் முற்றாத வயதில் பல்பத்தைக் கொடுத்து அழுத்தி எழுத வைப்பதால் ஒரு லாபமும் இல்லை. மண்ணில் விளையாடுவது, களிமண் உருட்டுவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, மணி கோர்ப்பது எல்லாம் எழுதுவதற்கான வேலைதான். மூன்று வயதில் எழுதச் சொல்லாமல், நிறையப் பேச விடுகிற டீச்சர் கிடைத்தால் அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அடையாளங்கள்: எல்லாப் பிள்ளைகளும் வாயில் விரல் வைத்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது, கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு குச்சி, விளையாட்டுச் சாமான்கள் பழசாகிவிடக் கூடாதென்று பீரோவில் பூட்டியிருப்பது, வாரத்தில் பல நாள் ஆயா மட்டும் இருப்பது.

டீச்சருடைய நேரம் எங்கே போகிறது?

ஆயா மட்டும் இருக்கிறார் என்றதும் டீச்சர் வேலைக்கு வருவதில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எடை பார்த்துப் பதிய வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், சத்துமாவுக் கணக்கு, கூட்டம், போலியோ சொட்டு மருந்து, பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். காலி இடங்கள் இருந்தால் பக்கத்து ஊர் மையமும் கூடுதல் பொறுப்பாக வந்து சேரும். 2025-இல் 7,783 பணியிடங்களை நிரப்பத் தமிழ்நாடு அரசு அறிவிப்பு வெளியிட்டது என்றால், எவ்வளவு இடம் காலியாகக் கிடந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, அதில் பாதியில் முன்பருவக் கல்விக்கென்று மட்டும் அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். கல்விக்குச் செலவாகும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தார்கள். கூடவே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளும் குறைந்திருந்தார்கள். ஏனென்றால் பழைய டீச்சருக்கு எடை பார்ப்பதற்கும் சத்துணவைக் கவனிப்பதற்கும் கூடுதல் நேரம் கிடைத்தது. புதிய கட்டடமோ டிவியோ இல்லை, இன்னும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் ஆளை நம்மால் நியமிக்க முடியாது. ஆனால் இருக்கிற இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கலாம். பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் சத்துமாவு வாங்கப் போகாதீர்கள், மதியத்துக்கு மேல் போங்கள். அந்த நேரத்தில் டீச்சரிடம் நின்று ஊர்க்கதை பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். "எத்தனை மணிக்குக் கொண்டாந்து விடட்டும் டீச்சர்?" என்று கேட்டால், "ஒம்பதரைக்கு விட்டுருங்கம்மா. பத்து மணி தாண்டி வந்தா பாட்டு முடிஞ்சிரும், அப்புறம் புள்ள அழுதுகிட்டே உக்காந்திருக்கும்" என்பார். ஊரில் பாதிப் பிள்ளைகள் பதினொன்றரைக்கு மேல் தட்டோடு வருவதுதான் வழக்கம். அப்படி வந்தால் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், மற்றது எதுவும் கிடைக்காது.

சாப்பாடு

2 வயது முதல் 5 வயது வரையிலான கிராமத்துப் பிள்ளைகளுக்கு மையத்தில் சத்துணவு என்பது எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. இன்று வாரத்தில் மூன்று முட்டை உண்டு, பெரும்பாலும் திங்கள், புதன், வியாழன். ஒரு நாள் பயறு அல்லது சுண்டல், ஒரு நாள் உருளைக்கிழங்கு. தக்காளி சாதம், எலுமிச்சை சாதம், பருப்பு சாதம் என்று நாளுக்கொரு சோறு. பட்டியல் சுவரில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான், அதை அங்கன்வாடியில் எதிர்பார்க்க வேண்டாம். காலையில் வீட்டில் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். முட்டை நாளில் முழு முட்டை தட்டில் விழுகிறதா? பிள்ளைகள் வரிசையாகக் கை கழுவுகிறார்களா? முட்டையை வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது வீட்டில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பங்காகிவிடும்.

சில ஊர்களில் சமைக்கிற ஆயா எந்தத் தெரு என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பாமல் இருக்கிறவர்கள் உண்டு. சோறு வாங்காமல் டப்பாவில் கொடுத்துவிடுவதும் உண்டு. புதிதாக வந்த உங்களிடம் மெதுவாகக் காதில் போட்டும் வைப்பார்கள். கேட்டுக்கொண்டு, மறுநாள் உங்கள் பிள்ளையை அங்கேயே சாப்பிட விடுங்கள். மையத்துக்குள்ளேயே சாதி பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்தால், தட்டு பிரித்து வைத்தால், அது சட்டப்படி குற்றம். இதில் ஊரோடு அனுசரித்துப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

எடை, உயரம், தடுப்பூசி

மாதம் ஒருமுறை எடை பார்ப்பார்கள். "என் பிள்ளை எடை என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வளர்ச்சி அட்டையில் கோடு எப்படிப் போகிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஏறிக்கொண்டே வந்த கோடு இரண்டு மூன்று மாதமாகப் படுத்திருந்தால் அதுதான் கவனிக்க வேண்டியது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். நாலில் ஒரு பிள்ளை என்றால் நம் தெருவிலேயே இருப்பார்கள், பார்த்தால் தெரியாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம், வருடத்துக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, இருமுறை மருத்துவக் குழு வந்து கண், காது, பல், இதயம் என்று பரிசோதனை. இந்த நாட்களில் பிள்ளையைக் கண்டிப்பாக அனுப்புங்கள். பேச்சு தாமதம், காது கேளாமை போன்றவை பல பிள்ளைகளுக்கு இந்த முகாமில்தான் முதலில் பிடிபடுகின்றன. கிராம சுகாதார செவிலியரின் நம்பரை டீச்சரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் நர்சரியா, அங்கன்வாடியா?

காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கிறபோது எல்லோருக்கும் இந்த ஆசை வரும். ஷூ, டை, ஆங்கிலப் பாட்டு. நான் நர்சரிக்கு எதிரி இல்லை, நல்ல நர்சரிகளும் இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன அதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை வேனில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? ஒரு அறையில் எத்தனை பேர்? எல்கேஜியிலேயே வீட்டுப்பாடம் எழுதச் சொல்கிறார்களா? அங்கீகாரம் இருக்கிறதா? கூரை என்ன? 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் சமையல் கொட்டகைத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தது தனியார் பள்ளியில்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்கேஜி கேட்பதாக இருந்தால், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளிக்கு முன்னுரிமை. குக்கிராமத்தில் அந்த வட்டத்துக்குள் தனியார் பள்ளியே இருக்காது என்பதால், இதை நம்பி அங்கன்வாடி வருடங்களை வீணாக்க வேண்டாம். இரண்டு வயதிலிருந்து மூன்றரை வரை அங்கன்வாடி, பிறகு விருப்பப்பட்டால் நர்சரி என்று போகிறவர்களும் நிறைய. அதில் ஒரு தப்பும் இல்லை. பேரை மட்டும் பதிவேட்டில் விட்டுவைத்துவிட்டு நர்சரிக்கு அனுப்புவதுதான் தப்பு. உண்மையில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்ற கணக்கே குழம்பிப்போகிறது.

முதல் சில வாரம்

பிள்ளை அழும். முதல் நாள் கூடவே உட்காருங்கள், அடுத்த நாள் கொஞ்ச நேரம், அப்புறம் வாசல் வரை. "கடைக்குப் போயிட்டு இப்ப வந்துடறேன்" என்று பொய் சொல்லி நழுவாதீர்கள். "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். அப்பாக்களும் தாத்தாக்களும் கொண்டுபோய் விடலாம், ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு மாற்றுத்துணி, பேர் எழுதிய தண்ணீர் பாட்டில் போதும். தங்கத்தோடு, வெள்ளிக் கொலுசெல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

தினமும் பிள்ளையிடம் "என்ன எழுதினே?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு யார்கூட விளையாண்டே? என்ன பாட்டு?" என்று கேளுங்கள். பதில் எதுவும் வரவில்லை என்றால் பத்தரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது?

முதலில் டீச்சரிடமே, தனியாக, மதியத்துக்கு மேல். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அடுத்து, மேற்பார்வையாளர். அவருடைய பேரும் நம்பரும் மையத்தின் சுவரில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேலே வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், மாவட்ட அளவில் மாவட்டத் திட்ட அலுவலர். எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கூரை, கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர் என்றால் அது ஊராட்சி விஷயம், கிராம சபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு கூட்டம். "அங்கன்வாடிக் கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும்" என்று வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூட அம்மாக்கள் நாலு பேரை அழைத்துக்கொண்டு போங்கள். புதிதாக வந்தவர் தனியாக எழுந்து பேசினால், "நேத்து வந்தது, இன்னிக்குக் கேள்வி கேக்குது" என்ற பேச்சு வரும். ஊர்க்காரர் ஒருவர் பேசி, நீங்கள் மனுவை எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும்.

அங்கேயும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் முகவரி எண் 1100. பிள்ளையை அடிக்கிறார்கள், வேறு ஏதாவது துன்புறுத்தல் என்றால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம், நேராக 1098.

ஒன்றாம் வகுப்புக்கு மாறுகிறபோது

ஐந்து வயது முடிந்த பிள்ளையைத் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். அரசுப் பள்ளிகளில் அண்மைக் காலமாக மார்ச்சிலேயே சேர்க்கையைத் தொடங்கிவிடுகிறார்கள். வயதுச் சான்று இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. அங்கன்வாடியில் இருந்ததற்கான சான்றும் கட்டாயமில்லை, கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி பக்கத்திலேயே இருந்தால், கடைசி மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளை அங்கே அழைத்துக்கொண்டு போய் ஒன்றாம் வகுப்பு டீச்சரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதோடு ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் இரண்டாவது ஊக்கத்தவணை பாக்கி இருக்கிறதா என்று தாய் சேய் நல அட்டையைப் புரட்டிப் பாருங்கள். பாக்கி இருந்தால் துணை சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் புதன்கிழமை போடுவார்கள்.